ஊதிப் பார்த்ததில் நார்மல் என்றால் ஆஸ்துமா இல்லை என்று ஆகிவிடுமா?

நீங்கள் எழுதியதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். 7 வயது மகனுக்கு இரண்டு வருடமாக இரவில் இருமல், ஓடி விளையாடினால் இளைப்பு, சளி பிடித்தால் வீசிங் (மூச்சு விடும்போது விசில் போன்ற சத்தம்). ஆஸ்துமா என்று சொல்லி தினமும் இரு வேளை ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் முதன்முறையாக ஸ்பைரோமெட்ரி, அதாவது பலமாக ஊத வைத்து மூச்சை அளக்கும் டெஸ்ட், எடுத்தார்கள். எஃப்.இ.வி.1 (முதல் ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு) 96 சதவீதம், 'நார்மல்' என்று அறிக்கை வந்தது. அப்படியானால் ஆஸ்துமாவே இல்லை, இத்தனை நாளும் வீணாக ஸ்டீராய்டு கொடுத்துவிட்டோம் என்றுதானே அர்த்தம், நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, 3 வயது மகளுக்கும் வீசிங் வருகிறதே, அவளுக்கு மட்டும் ஏன் டெஸ்ட் எடுக்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவற்றோடு, இந்த நோயோ இந்த மருந்தோ பிள்ளையின் நுரையீரலை வாழ்நாளுக்கும் பாதித்துவிடுமோ என்ற கவலையும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. அதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

குழந்தைகளின் நுரையீரல் நோய்கள்தான் என் தொழில். பரிசோதனை அறையில் பிள்ளைகளை ஊத வைப்பதும், வந்த கிராஃபைப் படிப்பதும் பல வருடப் பழக்கம். உங்கள் மகனை நான் பார்க்கவில்லை, அவன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கவில்லை. ஆகவே அவனுக்கு ஆஸ்துமா உண்டா இல்லையா என்று இங்கிருந்து நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: ஒரே ஒரு நார்மல் ஸ்பைரோமெட்ரி ஆஸ்துமா இல்லை என்று நிரூபிக்காது. அந்த ஒரு தாளை நம்பி மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

காரணம் நோயின் தன்மையிலேயே இருக்கிறது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் எப்போதும் ஒரே மாதிரி அடைபட்டிருப்பதில்லை. சுருங்கும், தானாகவோ மருந்தாலோ விரியும், மறுபடி சுருங்கும். பிள்ளை நன்றாக இருக்கும் நாளில் டெஸ்ட் எடுத்துவிட்டு நோய் இல்லை என்பது, வெயில் காயும் நாளில் கூரையை அண்ணாந்து பார்த்து ஒழுகவில்லை என்று சொல்வதற்குச் சமம். இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கேம்ப் என்ற பெரிய ஆய்வு நடந்தது. லேசான, நடுத்தர ஆஸ்துமா உள்ள 5 முதல் 12 வயது வரையிலான 1041 பிள்ளைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். சேர்ந்தபோது அவர்களுடைய எஃப்.இ.வி.1 சராசரியே 90 சதவீதத்துக்கு மேல்தான். அத்தனை பேருக்கும் ஆஸ்துமா உறுதி செய்யப்பட்டிருந்தது, ஆனாலும் அந்த எண்ணை மட்டும் பார்த்தால் முக்கால்வாசிப் பேரை நார்மல் என்றுதான் எழுதியிருப்போம். உங்கள் மகன் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்துக்கொண்டிருக்கும்போதே டெஸ்ட் செய்திருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த 96 மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

இந்த டெஸ்டில் என்ன அளக்கிறார்கள் என்று தெரிந்தால் அறிக்கையை நீங்களே பாதி படித்துவிடலாம். பிள்ளை மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே வீச்சில் வேகமாக, கடைசிச் சொட்டு வரை ஊத வேண்டும். மொத்தமாக வெளியே வந்த காற்று எஃப்.வி.சி. அதில் முதல் ஒரு நொடியில் வந்தது எஃப்.இ.வி.1. மொத்தக் கொள்ளளவை 1846-லேயே லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற அறுவை மருத்துவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அளந்து எழுதிவிட்டார். 'முதல் ஒரு நொடி' என்ற யோசனை வர அதற்குப் பிறகு நூறு வருடம் ஆனது. 1947-இல் பிரான்சில் டிஃப்னோவும் பினெல்லியும் அதை முன்வைத்தார்கள். மூச்சுக்குழாய் அடைப்பைப் பிடிப்பது அந்த ஒரு நொடிதான்.

ஆனால் குழந்தைகளிடம் எஃப்.இ.வி.1 சதவீதத்தைவிட நான் முதலில் பார்ப்பது எஃப்.இ.வி.1-ஐ எஃப்.வி.சி-யால் வகுத்தால் வரும் விகிதத்தை. சிறு பிள்ளைகளுக்கு நுரையீரலின் அளவோடு ஒப்பிட்டால் மூச்சுக்குழாய் விசாலமானது. ஆரோக்கியமான 7 வயதுப் பிள்ளை உள்ளிருக்கும் காற்றில் 90 சதவீதம் அளவுக்கு முதல் நொடியிலேயே ஊதித் தள்ளிவிடும். பெரியவர்களுக்குச் சொல்லும் '70-க்குக் கீழே போனால்தான் அடைப்பு' என்ற கணக்கை இங்கே கொண்டுவந்தால், 75-இல் நிற்கும் பிள்ளையும் நார்மல் ஆகிவிடும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எஃப்.இ.வி.1 96 சதவீதம், எஃப்.வி.சி 112 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டும் அருமை. ஆனால் அந்த வயதுக்கு எதிர்பார்க்கும் விகிதம் 0.90 என்றால், இந்தப் பிள்ளையின் விகிதம் 0.77தான் வரும். அது அடைப்பு. நீங்கள் 96-ஐ மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதே தாளில் விகிதம் எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது, ஊதியது சரியாக ஊதியதுதானா? பெற்றோரிடம் இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். பெரும்பாலான பிள்ளைகள் பலமாக ஆரம்பித்து பாதியிலேயே நிறுத்திவிடும். நேரத்துக்கு எதிராகக் காற்றின் அளவைக் காட்டும் கிராஃபில் கோடு மெல்ல ஏறி, வளைந்து, கடைசியில் படுக்கையாக ஓட வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஏறிக்கொண்டிருந்த கோடு சட்டென்று வெட்டுப்பட்டது போல முடியும். அப்போது எஃப்.வி.சி குறைவாகப் பதிவாகும், அதனாலேயே விகிதம் பொய்யாக உயர்ந்து நிற்கும். அதாவது இந்தத் தவறு இருக்கிற அடைப்பை மறைத்துவிடும். ஆரம்பத்தில் தயங்கி ஊதினாலோ எஃப்.இ.வி.1 குறையும், இல்லாத நோய் இருப்பது போலத் தெரியும். உதட்டோரம் காற்று கசிவது, நடுவில் இருமுவது, தொண்டையை மூடிக்கொள்வது எல்லாம் கிராஃபில் அதனதன் தழும்பை விட்டுச் செல்லும். பழகிய கண்ணுக்கு அது நன்றாகத் தெரியும், அச்சடித்து வரும் 'நார்மல்' என்ற வார்த்தையில் தெரியாது. அந்த வார்த்தையைப் பல இடங்களில் மெஷினே போட்டுவிடுகிறது.

பிள்ளைகளை உற்சாகப்படுத்த கணினித் திரையில் மெழுகுவத்தி அணைக்கும் விளையாட்டு ஒன்று வரும். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. மெழுகுவத்தி அணைந்ததும் பிள்ளை ஊதுவதை நிறுத்திவிடும். கடைசி வரை ஊதினால்தான் ஜெயிக்கும் விளையாட்டாக இருந்தால் பலன் உண்டு. எப்படியானாலும் ஒருமுறை ஊதியதை வைத்து முடிவு எழுதக் கூடாது. 2019-இல் அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட விதிப்படி, 6 வயதைத் தாண்டிய பிள்ளையின் மிகச் சிறந்த இரண்டு ஊதல்கள் ஒன்றுக்கொன்று 150 மி.லி-க்குள் ஒத்துப்போக வேண்டும். அதற்குக் கீழ்ப்பட்ட வயதில் 100 மி.லி. அல்லது 10 சதவீதம், இரண்டில் எது பெரிதோ அது. உங்கள் அறிக்கையில் எத்தனை முறை ஊதினான், அவை ஒத்துப்போனதா என்று இருக்கிறதா பாருங்கள்.

'96 சதவீதம்' என்றால் எதில் 96 என்ற கேள்வியும் இருக்கிறது. வயது, உயரம், பாலினம் பார்த்து இவ்வளவு ஊத வேண்டும் என்று மெஷினுக்குள் ஒரு சமன்பாடு வைத்திருக்கிறார்கள். இன்று பரவலாகப் பயன்படுவது 2012-இல் வந்த ஜி.எல்.ஐ. சமன்பாடு. 3 முதல் 95 வயது வரையிலான, புகைக்காத, ஆரோக்கியமான 74,000-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளிலிருந்து அது உருவானது. அதில் இனப்பிரிவையும் கேட்பார்கள். 2022-இல் இனப்பிரிவைப் பார்க்காத புதிய சமன்பாடு வந்தது. ஒரே பிள்ளை, ஒரே ஊதல், சமன்பாடு மாறினால் சதவீதம் மாறும். உயரத்தை இரண்டு செ.மீ. தவறாக எழுதினாலும் மாறும், செருப்போடு நிற்க வைத்து அளப்பதை நானே பார்த்திருக்கிறேன். கீழ்எல்லை என்று சொல்வதும், ஆரோக்கியமான பிள்ளைகளிலேயே 5 சதவீதம் பேர் அதற்குக் கீழே விழும்படி வகுத்த கோடுதான். ஆகவே கோட்டுக்குக் கீழே போனால் நோய், மேலே இருந்தால் சுகம் என்று கத்தரித்தாற்போல் பிரிக்க முடியாது. வருடா வருடம் ஒப்பிடும்போது சதவீதத்தோடு லிட்டர் கணக்கையும் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஒரு பிள்ளையின் 96 அவனுக்கே குறைவாக இருக்கவும் கூடும். இதைக் கண்டுபிடிக்கத்தான் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்து மறுபடி ஊத வைக்கிறோம். ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) வழியாக, வழக்கமாக 400 மைக்ரோகிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து டெஸ்ட். 1.40 லிட்டர் ஊத வேண்டிய பையன் 1.34 ஊதினால் அது 96 சதவீதம். மருந்துக்குப் பிறகு 1.54 ஊதினான் என்றால் 15 சதவீதம் கூடியிருக்கிறது, அவனுடைய உண்மையான திறன் 110. குழந்தைகளில் 12 சதவீதம் கூடினால் ஆஸ்துமாவுக்குச் சாதகமான சான்று என்பது பழைய அளவுகோல். புதிய விளக்கக் குறிப்பு, எதிர்பார்க்கும் அளவில் 10 சதவீதத்துக்கு மேல் கூட வேண்டும் என்கிறது. இந்தப் பையன் இரண்டிலும் தேறுவான், ஆனால் முதல் ஊதலோடு நிறுத்தியிருந்தால் 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். உங்கள் மகனுக்கு இந்த இரண்டாம் பகுதியைச் செய்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் டெஸ்ட் பாதியில் நிற்கிறது. டெஸ்டுக்கு முந்தைய 4 மணி நேரத்துக்குள் இளைப்பு நீக்கும் இன்ஹேலரை அடித்திருந்தாலும் கணக்கு கலைந்துவிடும்.

இவ்வளவும் சொன்னது உங்கள் சந்தேகம் தவறு என்று காட்ட அல்ல. ஆஸ்துமா என்ற முத்திரை அளவுக்கு மீறிக் குத்தப்படுகிறது என்பதற்கும் சான்று உண்டு. நெதர்லாந்தில் ஆஸ்துமா என்று பதிவான 652 பிள்ளைகளின் குறிப்புகளை எடுத்து அலசி 2016-இல் வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களின் அறிகுறிகளே ஆஸ்துமாவுக்குப் பொருந்தவில்லை. வெறும் இருமலை மட்டும் வைத்துக்கொண்டு ஆஸ்துமா என்று சொல்லிவிடுவது எளிது, அது பெரும்பாலும் தவறாகவும் முடிகிறது. உங்கள் மகனுக்கு இருமலோடு இளைப்பும் வீசிங்கும் இருக்கின்றன. அந்த வீசிங்கை ஒரு மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டாரா, அல்லது வீட்டில் கேட்ட கரகர சத்தத்தை வீசிங் என்று சொன்னீர்களா என்பது முக்கியம். நெஞ்சில் சளி உருளும் சத்தத்தையும் பெற்றோர் வீசிங் என்றே சொல்வார்கள்.

எந்த டெஸ்டில் எந்த எண்ணில் கோடு கிழிப்பது என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஐரோப்பியச் சங்கம் 2021-இல் கொடுத்த வழிகாட்டுதல் ஸ்பைரோமெட்ரி, மருந்துக்குப் பிந்தைய மாற்றம், மூச்சில் வரும் நைட்ரிக் ஆக்சைடு ஆகிய மூன்றையும் வைத்து முடிவெடுக்கச் சொல்கிறது. நைட்ரிக் ஆக்சைடு 25 பி.பி.பி. (காற்றில் நூறு கோடிக்கு 25 பங்கு) என்பது அதன் கோடு. 2024-இல் வந்த பிரிட்டிஷ் வழிகாட்டுதல் நைட்ரிக் ஆக்சைடையே முதலில் பார்க்கச் சொல்கிறது, கோடு 35. அப்படியானால் 30 உள்ள பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது? அந்த அளவு அலர்ஜியோடு வரும் மூச்சுக்குழாய் அழற்சியைக் காட்டும், ஆனால் மூக்கு அலர்ஜி மட்டும் இருந்தாலும் ஏறும். ஸ்டீராய்டு எடுத்தால் இறங்கும். இரண்டு தரப்பும் ஒத்துப்போவது ஒன்றில்தான்: எந்த ஒரு டெஸ்டும் நார்மலாக வந்துவிட்டதாலேயே ஆஸ்துமாவை விலக்கிவிடக் கூடாது. சந்தேகம் நீடித்தால் ஓட வைத்து எடுக்கும் டெஸ்ட் உண்டு. ட்ரெட்மில்லில் 6 முதல் 8 நிமிடம் இதயம் படபடக்க ஓட வைத்து, அரை மணி நேரம் வரை அவ்வப்போது ஊத வைப்பார்கள். ஓடினால் இளைக்கிறது என்று நீங்கள் சொல்வதால் உங்கள் மகனுக்கு இது பொருத்தமாக இருக்கலாம்.

இனி மகளின் விஷயம். 3 வயதில் 'இழு, நிறுத்து, பலமா ஊது, ஊது, ஊது' என்ற கட்டளைக்குப் பெரும்பாலான பிள்ளைகள் கட்டுப்படாது. அதனால்தான் டெஸ்ட் எடுக்கவில்லை, அலட்சியத்தால் அல்ல. பெரிய மையங்களில் ஆசிலோமெட்ரி என்று ஒன்று வைத்திருப்பார்கள். பிள்ளை சாதாரணமாக மூச்சு விட்டால் போதும், கன்னங்களை ஒருவர் உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொள்வார், மெஷின் மெல்லிய அதிர்வுகளை மூச்சுக்குழாய்க்குள் அனுப்பித் தடையை அளக்கும். 1956 முதலே இருக்கும் உத்தி இது. ஆனால் ஆரோக்கியமான பிள்ளைகளின் அளவும் வீசிங் பிள்ளைகளின் அளவும் நிறைய மேற்கவிவதால், அதை மட்டும் வைத்து ஆம், இல்லை என்று சொல்வதற்கில்லை.

அந்த வயது வீசிங்கைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அரிசோனாவின் டூசான் நகரில் 1980-இல் தொடங்கிய ஆய்விலிருந்து வந்தது. 1246 பச்சிளங்குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 1995-இல் ஃபெர்னாண்டோ மார்ட்டினெஸ் குழுவினர் 6 வயது வரையிலான முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு அதுவரை வீசிங்கே வரவில்லை. சுமார் 20 சதவீதம் பேருக்கு முதல் 3 வயதில் வந்து, 6 வயதில் போய்விட்டது. சுமார் 15 சதவீதம் பேருக்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சுமார் 14 சதவீதம் பேருக்கு முதலில் வந்தது நிற்கவே இல்லை. இதில் எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது, அவர்களில் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு முதல் வருடத்திலேயே, வீசிங் நோய் எதுவும் வருவதற்கு முன்பே மூச்சுக் காற்று வெளியேறும் வேகத்தை அளந்து வைத்திருந்தார்கள் என்பதுதான். வந்து போன வீசிங் பிள்ளைகளுக்கு அப்போதே அந்த வேகம் குறைவு. அதாவது சளி வந்து குழாயைக் கெடுக்கவில்லை, குழாய் முதலிலேயே ஒடுக்கமாக இருந்ததால் ஒவ்வொரு சளிக்கும் வீசிங் கேட்டது. அம்மா புகைப்பதும் இந்தக் குழுவோடு தொடர்புடையதாக இருந்தது. நிற்காத வீசிங் பிள்ளைகளுக்கோ தொடக்கத்தில் அதில் பெரிய குறை இல்லை, 6 வயதுக்குள் குறைந்துவிட்டது. இரண்டும் வெளியிலிருந்து கேட்டால் ஒரே சத்தம்தான்! உங்கள் மகள் இதில் எந்தக் குழு என்று 3 வயதில் எந்த டெஸ்டும் அறுதியிட்டுச் சொல்லாது. தோல் அலர்ஜி, பெற்றோரில் ஒருவருக்கு ஆஸ்துமா, சளி இல்லாத நேரத்திலும் வீசிங் என்பவை இருந்தால் நீடிக்கும் வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான்.

சீக்கிரமே ஸ்டீராய்டு இன்ஹேலர் ஆரம்பித்தால் நோயின் போக்கையே மாற்றலாமா என்று பார்த்தார்கள். அப்படி நீடிக்கும் வாய்ப்பு அதிகமுள்ள 2, 3 வயதுப் பிள்ளைகள் 285 பேருக்கு இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-இல் வந்தது. கொடுத்த காலத்தில் தொந்தரவு குறைந்தது. நிறுத்திய வருடத்தில், மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இந்த மருந்து நோயைக் கட்டுக்குள் வைக்கும், வேரோடு பிடுங்காது. முன்பு சொன்ன கேம்ப் ஆய்விலும் 4 முதல் 6 வருடம் கொடுத்தபோது ஆஸ்பத்திரி சேர்க்கை குறைந்தது, ஆனால் நுரையீரல் வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. உயரத்தைப் பற்றிப் பெற்றோர் பயப்படுவது முழுக்க ஆதாரமற்றதும் அல்ல. அதே ஆய்வில் புடெசனைட் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவர்கள் பெரியவர்களானபோது மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 செ.மீ. குட்டை. அது வருடா வருடம் கூடிக்கொண்டே போன குறை அல்ல, ஆரம்பத்தில் விழுந்து அப்படியே நின்ற குறை. கட்டுப்படாத ஆஸ்துமாவோடு ஒப்பிட்டால் அந்த விலையை நான் கொடுப்பேன், தேவையான மிகக் குறைந்த அளவில்.

நீண்ட காலத்துக்கு என்ன ஆகும் என்பதற்கும் கேம்ப் ஆய்வின் பிள்ளைகளே பதில் தந்தார்கள். 684 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்டபோது, நால்வரில் மூவருக்கு நுரையீரல் வளர்ச்சிக் கோடு இயல்பாக இல்லை. ஒன்று உச்சத்தை எட்டவில்லை, அல்லது சீக்கிரமே இறங்க ஆரம்பித்தது. சிறு வயதிலேயே எஃப்.இ.வி.1 குறைவாக இருந்தவர்களுக்கும் ஆண்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். மெல்போர்னில் 1964-இல் தொடங்கி 7 வயதிலிருந்து 50 வயது வரை கவனித்த ஆய்வும் இதையே காட்டுகிறது: கடுமையான ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் சிறு வயதில் எவ்வளவு பின்தங்கியிருந்தார்களோ, ஏறக்குறைய அதே இடைவெளியோடுதான் வாழ்நாள் முழுக்கப் போனார்கள். இதுவரை உறுதி. அந்தக் குறை பிறவியிலேயே வந்ததா, நோய் அரித்ததா, ஒழுங்காக மருந்து எடுத்தால் தடுக்கலாமா என்பதில் இன்னும் தெளிவு இல்லை. மருந்தைத் தவிர வேறு ஒன்றுக்கு நல்ல சான்று இருக்கிறது, அது காற்று. தெற்குக் கலிஃபோர்னியாவில் 1994 முதல் 2011 வரை வெவ்வேறு ஆண்டுகளில் மூன்று தொகுதி மாணவர்களை 11 முதல் 15 வயது வரை அளந்தார்கள். காற்று சுத்தமாக ஆக, நுரையீரல் வளர்ச்சி கூடியது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும்.

ஆகவே உங்கள் மகனுக்கு நான் சொல்வது: 'நார்மல்' வந்த தாளைத் தூக்கிப் போடாதீர்கள், அது அவனுடைய முதல் புள்ளி. நல்ல அளவோடு ஆரம்பிப்பது நல்ல செய்திதான். கிராஃபோடு நகல் வாங்கி வைத்துக்கொண்டு, விகிதம் எவ்வளவு, மருந்துக்குப் பிறகு ஊத வைத்தார்களா, ஊதல்கள் ஒத்துப்போனதா என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். தொந்தரவு இருக்கும் ஒரு நாளில் மறுபடி எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள், அந்த ஒரு டெஸ்ட் பத்து நார்மல் டெஸ்டைவிட அதிகம் பேசும். மூன்று மாதம் போல அறிகுறி எதுவும் இல்லாமல் இருந்தால் அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பது வழக்கமான நடைமுறைதான். அதை மருத்துவரின் மேற்பார்வையில், சளி, காய்ச்சல் பரவாத ஒரு பருவத்தில் செய்ய வேண்டும். குறைத்ததும் இரவு இருமல் திரும்பி வந்தால் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். மகளுக்கு இப்போதைக்கு அறிகுறிகளைக் குறித்து வைப்பதும், மருந்துக்கு எப்படிக் கேட்கிறது என்று பார்ப்பதும் போதும். 5 வயதில் ஊத வைத்துப் பாருங்கள், சரியாக வராவிட்டால் 6 மாதம் கழித்து மறுபடி.